பக்கத்துத் தெரு கிளினிக்கில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும்: அக்கா மகனுக்காக ஓர் ஆலோசனை வேண்டும்

கேள்வி: சனிக்கிழமை டீச்சர் (சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் நூறு பதில் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும், தேடியும் பார்த்துவிட்டேன். ஆனால் நான் படித்தவை எல்லாம் கேப்டவுனிலோ ஜோகன்னஸ்பர்கிலோ தனியாக வாடகைக்கு அறை எடுத்து இருக்கும் ஒரு பையனை மனத்தில் வைத்து எழுதியவை. தாத்தா, ஆயா, பெரியப்பா குடும்பம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்க, மருந்துப் பை எங்கே இருந்தாலும் யாராவது ஒருவர் திறந்து பார்க்கிற வீட்டுப் பையனைப் பற்றி அவற்றில் ஒரு வரி கூட இல்லை.

என் அக்கா மகனுக்கு 22 வயது, கல்லூரியில் படிக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன்பு என்னைக் காரில் வீட்டுக்கு அழைத்துவரும்போது, தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று சொன்னான். சிவப்பு விளக்கில் வண்டி நின்றிருந்தது. பச்சை விழுந்தும் அவன் நகர்த்தவில்லை, பின்னால் வந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்த்தினான். அவனுடைய அம்மா அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு அதிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். அவன் சின்ன வயதிலிருந்தே என்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்வான்.

இப்போது விஷயம் இதுதான். எச்ஐவி வராமல் தடுக்கும் மாத்திரை, அதாவது ப்ரெப், எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவனே படித்துத் தெரிந்துகொண்டு எங்கள் வட்டார கிளினிக்குக்குப் போயிருக்கிறான். வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே நின்றுகொண்டு, 'நீ எதற்காக வந்திருக்கிறாய்?' என்று அங்கிருந்த சிஸ்டர் கேட்டாராம். அந்தப் பெஞ்சில் எங்கள் கோயிலில் பிரசாதம் கொடுக்கும் அம்மா ஒருவரும் இருந்திருக்கிறார். இவன் 'தலைவலி' என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து, பாரசிட்டமால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அவனை எங்கே அழைத்துப்போவது, அந்த மாத்திரையை இந்த வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது, நான் அக்காவிடம் சொல்ல வேண்டுமா என்ற மூன்றும்தான் என் கேள்விகள். அவன் வருகிற தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறான். அதற்குள் இது சீராகிவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

பதில் 1: மருந்தாளர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அம்மா, உங்கள் கேள்விகளில் மருந்தைப் பற்றியதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். குடும்பத்தைப் பற்றியதை மற்றவர்கள் சொல்லட்டும்.

நம் அரசு கிளினிக்குகளில் ப்ரெப் மாத்திரை இலவசம். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் ஒரே மாத்திரையில் இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று. 2016-இல் இந்த நாட்டில் அரசு இதைக் கொடுக்கத் தொடங்கியபோது பாலியல் தொழிலாளர்களுக்கு மட்டும் என்று இருந்தது. பிறகு படிப்படியாக விரிந்து, இப்போது தேவைப்படும் எவரும் கேட்கலாம். 'நீ யார், எப்படிப்பட்டவன்' என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 'எனக்கு ஆபத்து இருக்கிறது, ப்ரெப் வேண்டும்' என்று சொன்னால் போதும்.

தொடங்குவதற்கு முன் எச்ஐவி பரிசோதனை கட்டாயம். ஏற்கெனவே தொற்று இருப்பவர் இந்த இரண்டு மருந்துகளை மட்டும் எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அண்மையில் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு என்று ஏதாவது இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இதே மருந்து அந்தக் கிருமியையும் அடக்கி வைக்கும் என்பதால், அது உள்ளவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

சிறுநீரகத்தைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும் மருந்து. நம் வீடுகளில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 22 வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது; ஆனாலும் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சர்க்கரை இருந்தால் அதைச் சொல்லி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு வீட்டில் கிடக்கும் வலி மாத்திரைகளை அவன் அடிக்கடி எடுத்து விழுங்குகிறவனா என்றும் கேளுங்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பையன்களிடம் இந்தப் பழக்கத்தை நிறையப் பார்க்கிறேன்.

முதல் சில வாரங்கள் குமட்டல், தலைவலி இருக்கலாம், போய்விடும். ஏழு நாள் தொடர்ந்து எடுத்த பிறகே பாதுகாப்பு உண்டு என்று எண்ணிக்கொள்ளட்டும். ஒரு மாதம் கழித்து ஒரு முறையும், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதனைக்குப் போக வேண்டும். இது சிபிலிஸ், கொனோரியா போன்றவற்றைத் தடுக்காது, ஆணுறை அதற்காகத்தான். இடையில் பாதுகாப்பில்லாமல் ஏதாவது நடந்துவிட்டதென்றால் 72 மணி நேரத்துக்குள் போய் 28 நாள் எடுக்கும் அவசர மருந்தைக் கேட்க வேண்டும். அது வேறு, ப்ரெப் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நான்காவது நாள் வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் வைப்பது பற்றி: முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் புட்டி, பையில் போட்டு நடந்தால் கிலுகிலுப்பை போலச் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கே இந்த ஊரில் பெயர் உண்டு. எச்ஐவி மருந்தும் அதே மாதிரிப் புட்டியில்தான் வருகிறது என்பதால், கேட்டவர்கள் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். மேலே கொஞ்சம் பஞ்சு வைத்தால் சத்தம் வராது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

இடம் பற்றிக் கேட்டால், முதல் முறை வேறு பகுதிக்குப் போங்கள் என்பேன். டர்பன் நகரத்திலேயே ஆண் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் பெண் தன்பாலீர்ப்பாளர்களுக்குமான சமூக நல மையம் இருக்கிறது. அங்கே விசாரித்தால் எந்த இடத்தில் மரியாதையாக நடத்துகிறார்கள் என்று சொல்வார்கள். தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 0800 012 322-க்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம்.

பதில் 2: ஃபீனிக்ஸ் பெரியவன்

தங்கை, நான் அறுபதை நெருங்குகிறவன். உங்கள் அக்கா மகனைப் போன்றவன்தான். 2001 முதல் எச்ஐவியோடு வாழ்கிறேன். ஒவ்வொரு இரவும் ஒரு மாத்திரை. கிருமி கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது, ஆகவே என்னிடமிருந்து உடலுறவின் வழியே யாருக்கும் பரவாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பையன் பயந்துபோய் இந்த மாத்திரையைக் கேட்கிறான் என்றால், எந்தப் பயம் உண்மை, எந்தப் பயம் பழையது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் காலத்தில் டர்பனில் இவை எதுவும் எங்களுக்கு என்று இருக்கவில்லை. தன்பாலீர்ப்பாளர்களுக்கென்று 1982-இல் தொடங்கிய பெரிய அமைப்பு ஒன்று நாட்டில் இருந்தது, பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அதில் உறுப்பினராக இருந்த, நிறவெறி ஆட்சியை எதிர்த்த கறுப்பினப் போராளி சைமன் என்கோலி 1984-இல் கைதாகி டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டபோது, 'நாங்கள் அரசியல் பேசுவதில்லை' என்று அந்த அமைப்பு ஒதுங்கிக்கொண்டது. அவர் 1988-இல் விடுதலையானார். அதே ஆண்டில் கறுப்பினத்தவரும் மற்றவரும் சேர்ந்த வேறு அமைப்பைத் தொடங்கினார். 1990 அக்டோபர் 13 அன்று ஜோகன்னஸ்பர்கில் நடந்த எங்களுடைய முதல் பெருமித ஊர்வலத்தில் முன்னால் நின்றார். 1996 அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவில் பாலியல் நாட்டம் என்ற சொல் இருக்கிறது என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. அவரும் 1998-இல் எய்ட்ஸால் இறந்தார். அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி மருந்து 2004-இல்தான் வரத் தொடங்கியது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சட்டமும் மருந்தும் வருவதற்கே எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கு வைத்திருக்கிற ஆள் நான். இரண்டும் வந்துவிட்டன. ஆனாலும் உங்கள் பையன் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பாரசிட்டமாலோடு வருகிறான்.

மருந்தாளர் தம்பி 'வேறு பகுதிக்குப் போங்கள்' என்று சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் நானும் அப்படித்தான் போனேன். யாரும் பார்க்கக் கூடாது என்று இரண்டு டாக்ஸி மாறி, நகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கிளினிக்குக்கு ஆறு வருடம் போனேன். காலை நான்கரைக்குக் கிளம்ப வேண்டும். வேலை போன வருடத்தில் டாக்ஸிக்குக் காசு இல்லை. இரண்டு மாதம் போகவில்லை. மூன்றாவது மாதம் நுரையீரலில் காசநோயோடு படுத்தேன். தூரம் ஒரு மாத மறைப்புக்கு உதவும். வருடக்கணக்கில் போக வேண்டிய இடத்தைத் தூரத்தில் வைத்துக்கொண்டால் நாம்தான் உடைவோம்.

2025 ஜனவரியில் எச்ஐவி சேவைகளுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க உதவிப் பணம் நின்றபோது எங்களைப் போன்றவர்களுக்கென்று தனியாக இருந்த கிளினிக்குகள் சில கதவைச் சாத்தின. அங்கே போய்க்கொண்டிருந்தவர்கள் ஒரே வாரத்தில் பொது கிளினிக்கின் பெஞ்சுக்கு வந்தார்கள். ஆகவே தனி இடத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அக்காவிடம் சொல்வதைப் பற்றி: நீங்கள் சொல்லக் கூடாது. அவன் உங்களிடம் கொடுத்தது அவனுடைய பொருள்.

பதில் 3: ஆலயத் தொண்டன்

வணக்கம். நான் ஒரு கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவன். பலருக்கு என் கருத்து பிடிக்காமல் போகலாம். அந்தப் பையன் காவடி எடுக்கட்டும். விரதம் இருப்பவனை யாரும் தடுக்க முடியாது. ஆனால் இதையெல்லாம் வெளியே பேசி, கிளினிக்கில் நின்று வாதம் செய்து, ஊரறியச் செய்வதால் யாருக்கு என்ன நன்மை? நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்திறங்கிய 1860-லிருந்து இந்த மண்ணில் நம் சமூகம் மானத்தோடு பிழைத்தது அடக்கத்தால்தான். அப்பாவின் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருக்குமானால் ஒரு தனியார் மருத்துவரிடம் அமைதியாகக் காட்டி, மருந்தை வாங்கிக்கொண்டால் பிரச்சினை முடிந்தது. இதில் உரிமை, போராட்டம் என்பதற்கெல்லாம் இடம் இல்லை என்பது என் தாழ்மையான எண்ணம்.

பதில் 4: மகளின் அம்மா (டொங்காட்)

ஐயா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை; காவடி எடுக்கட்டும் என்று சொன்னதற்கு நன்றி. ஆனால் அப்பாவின் மெடிக்கல் எய்டைப் பயன்படுத்தினால் கணக்கு விவரம் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகும் என்று யோசித்தீர்களா? முதன்மை உறுப்பினருக்குத்தான். எந்த மருத்துவர், எந்தத் தேதி, எவ்வளவு ரேண்ட் என்று அப்பா காலை தேநீரோடு படிப்பார். அமைதியாக என்று நீங்கள் சொல்கிற வழியில்தான் எல்லாம் வெளியே வரும்.

டீச்சர் அம்மா, என் மகள் திருநங்கை. பிறந்தபோது வைத்த பெயர் ஆண் பெயர். நம் அடையாள எண்ணில் 13 இலக்கங்கள் உண்டு அல்லவா? முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த நான்கும் 5000-க்கு மேல் இருந்தால் ஆண், கீழே இருந்தால் பெண். அவள் புடவை கட்டிக்கொண்டு போனாலும் அந்த நான்கு இலக்கங்கள் கவுன்டரில் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். 2003-ஆம் ஆண்டின் 49-ஆம் எண் சட்டப்படி அதை மாற்றலாம்; அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஹார்மோன் சிகிச்சை நடந்ததற்கான மருத்துவ அறிக்கைகள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். சட்டம் இருக்கிறது, காகிதம் கைக்கு வர எங்களுக்கு மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடமும் எங்கள் கிளினிக்கில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். இவள் எழுந்து நிற்பாள். பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்க்கும். ஹார்மோனுக்காகக் கூட இல்லை, ஆஸ்துமா பம்புக்காகப் போகிற பிள்ளை. ஒரு கட்டத்தில் பம்பே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஒரு ராத்திரி மூச்சு இழுத்து உதடு நீலமாகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு, நோயாளியின் விவரம் இரகசியம் என்கிறது. 18-ஆம் பிரிவு புகார் செய்யும் உரிமையைத் தருகிறது. இவற்றைவிட எனக்கு உதவியது 42-ஆம் பிரிவு. ஒரு கிளினிக்குக்கோ சில கிளினிக்குகளுக்குச் சேர்த்தோ ஒரு குழு இருக்க வேண்டும், அதில் வட்டார கவுன்சிலரும் கிளினிக் தலைவரும் அந்தப் பகுதி மக்களும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எங்கள் கிளினிக்கில் அந்தக் குழு பெயரளவில் இருந்தது. ஆள் போதவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'பெஞ்சுக்கு எதிரே நின்று நோயைக் கேட்கிறார்கள். கருத்தடைக்கு வரும் பெண்ணும், மூல நோய்க்கு வரும் தாத்தாவும், சர்க்கரை புண்ணோடு வரும் பாட்டியும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கிறது' என்று சொன்னேன். முதலில் சிரித்தது மூல நோய்க்காரத் தாத்தா ஒருவர்தான். பிறகு எல்லோரும் ஆமாம் என்றார்கள். இப்போது வாசலில் எண் எழுதிய அட்டை கொடுக்கிறார்கள், எண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள், காரணத்தைக் கதவுக்கு உள்ளேதான் கேட்கிறார்கள். இதற்கு ஒன்பது மாதம் பிடித்தது. சிஸ்டர்களும் கெட்டவர்கள் இல்லை. ஒரு காலையில் எண்பது பேரைப் பார்க்கிறவர்கள்.

கேட்டும் மாறாவிட்டால் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது. பாகுபாட்டைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

பதில் 5: மருந்தாளர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பெரியவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தூரத்துக் கிளினிக் முதல் பரிசோதனைக்கு மட்டும் என்று நான் திருத்திச் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையை மறைப்பது சிரமமான வீடுகளுக்கு ஊசி வழியும் வருகிறது: இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் கபோடெக்ராவிர் 2022-இலும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகபாவிர் 2025 அக்டோபரிலும் இங்கே அனுமதி பெற்றன. உங்கள் கிளினிக்குக்கு எப்போது வரும் என்று அங்கேயே கேட்டு வையுங்கள். அதுவரை மாத்திரையும் பஞ்சும்தான்.

கேள்வி கேட்டவரின் பதில்: சனிக்கிழமை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

நகரத்தில் ஓர் இடத்துக்கு அவனோடு நானும் போனேன். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனான். பரிசோதனையில் தொற்று இல்லை. கிரியேட்டினினும் சரியாக இருந்தது. தாத்தாவுக்குச் சர்க்கரை என்று சொல்லச் சொல்லியிருந்தேன், சொல்லியிருக்கிறான். மூன்று நாள் குமட்டல் இருந்தது. விரதச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்கா நினைத்து ரசம் வைத்துக்கொடுத்தாள்.

முதல் மாதப் பரிசோதனைக்கு எங்கள் வட்டார கிளினிக்குக்கே போகிறேன் என்று அவனே சொன்னான். நான் வேண்டாம் என்றேன், அவன் கேட்கவில்லை. இந்த முறை சிஸ்டர் பெஞ்சுக்கு எதிரே கேட்டபோது, 'உள்ளே வந்து சொல்கிறேன், சிஸ்டர்' என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்று அடுத்தவரிடம் போய்விட்டாராம். அவ்வளவுதான் நடந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்ல வாசலில் இருபது நிமிடம் நின்றதாக என்னிடம் சொன்னான். கிளினிக் குழுவில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது; நான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை அவள் துணி மடிக்கும்போது அவன் பையிலிருந்து புட்டி விழுந்தது. எடுத்து, மூடியைத் திறந்து, பஞ்சைப் பார்த்து, லேபிளையும் படித்தாள். மறுபடியும் மூடி அதே இடத்தில் வைத்துவிட்டாள். என்னிடமும் எதுவும் கேட்கவில்லை. அன்று ராத்திரி அவன் அறைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அது வரை அவள் அப்படி வைத்ததில்லை. அவனிடம் இதைச் சொல்லலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.